கல்மண்டபம் நிறுத்தம்

மதியச் சாப்பாட்டு நேரத்தில்
வருஷத்துக்கு ஒரு தடவையாவது
எப்படியோ அந்தப் பேச்சு வந்துவிடுகிறது.
புஷ்பராணிக்கு அப்போது ஏழு மாசம்,
டாக்டரைப் பார்க்கப் போக ஆட்டோ கிடைக்கவில்லையாம்.
கமர்நிஷாவின் அண்ணன்
மிளகாய் லோடோடு செங்குன்றத்தில் மாட்டிக்கொண்டு
இரண்டு ராத்திரி லாரிக்கு அடியில் தூங்கினான்.
டேனியல் சார் மூன்றாம் வகுப்பு.
தெருவில் ஆடக்கூடாதென்று
அப்பா மட்டையை ஒளித்துவைத்தது தவிர
ஒன்றும் ஞாபகமில்லை என்கிறார், கொஞ்சம் வெட்கத்தோடு.

"நீங்க எங்க இருந்தீங்க மேடம்?"

வீட்லதான்.
காலைல பால் வாங்கப் போனேன். கிடைக்கல.

பொய்யில்லை. கையில் பால் கார்டு இருந்தது.
ஒயர் கூடையில்
எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம்,
ஒரு தடவைகூடக் கட்டாத
வெங்காயத்தோல் நிறச் சேலை,
அதற்கு மேல் மூடாக்காக அப்பாவின் பழைய துண்டு.
ஐந்தேகாலுக்குக் கல்மண்டபம் நிறுத்தம் என்றிருந்தான் இஸ்ரவேல்.
கத்திவாக்கத்திலிருந்து முதல் பஸ்.
பத்து மணிக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ்.
சாட்சிக் கையெழுத்துக்கு
அவனோடு ஃபவுண்டரியில் வேலை செய்கிற இரண்டு பேர்.

எங்கள் வீட்டு ரேடியோவில்
பேட்டரி செத்துப் பத்து நாள் ஆகியிருந்தது.
ராத்திரி ஸ்ரீபெரும்புதூரில் நடந்தது
எனக்குத் தெரியாது.
சந்தில் ஒரு ஆள் இல்லை, நாய்கூட இல்லை.
நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டேன்.

டீக்கடை பாய்லர் குளிர்ந்து கிடந்தது.
ஹார்பர் பக்கம் போகிற லாரி ஒன்றையும் காணோம்.
தேர்தலுக்கு வெள்ளையடித்த சுவரில்
பாதி வரைந்த சின்னம்.
டயர் எரிகிற நாற்றம் வந்தது.
இந்தப் பக்கம் என்றைக்குத்தான்
ஏதாவது எரிகிற நாற்றம் இல்லை?

ஐந்தரை.
ஐந்தே முக்கால்.
ஆறு மணிக்கு போலீஸ் வேன் நின்றது.
"எங்கம்மா போற?"
கார்டைக் காட்டினேன்.
"ஆளையே கொன்னுட்டானுங்க,
நீ பாலுக்கு நிக்கிறியா? வீட்டுக்குப் போ."

யாரை என்று நான் கேட்கவில்லை.
அந்த நேரத்தில் எனக்கு
உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான்.

எப்படி நடந்து வந்தேனோ.
சந்து முனையில் யார் வீட்டு ரேடியோவிலோ
வீணை வாசித்துக்கொண்டே இருந்தார்கள்.
அது நின்று, பெயரைச் சொன்னார்கள்.
வேறு பெயர்.
நாடே அறிந்த பெயர்.
அதைக் கேட்டு எனக்கு,
ஒரு மூச்சளவுதான்,
'அப்பாடா' என்று இருந்தது.

இதை யாரிடமும் சொன்னதில்லை.

அப்புறம் அழுதேன்.
தெருவே அழுதுகொண்டிருந்ததால்
என்னை ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.
துண்டைக் கூடையிலிருந்து எடுக்கப் பயந்து
தாவணியிலேயே முகத்தைத் துடைத்தேன்.
"பாரு, நம்ம பொண்ணுக்கு எவ்ளோ எளகின மனசு"
என்று அப்பா பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னார்.

பஸ் திரும்ப ஓடிய அன்றைக்கும் போய் நின்றேன்.
மறுநாளும்.
அதற்கு அடுத்த வாரம் ஃபவுண்டரி வாசலில்
சாட்சிக் கையெழுத்துப் போடவிருந்தவன்
என் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னான்,
"ஊருக்குப் போயிட்டாம்மா.
எப்ப வருவான்னு சொல்லல."

பஸ் ஓடியிருந்தால் வந்திருப்பானா?
கமிஷன் வைத்தார்கள்,
மூட்டை மூட்டையாகச் சாட்சி எடுத்தார்கள்.
நான் கேட்க வேண்டியது அதில் எந்தப் பக்கத்திலும் இருக்காது.

சிலசமயம் பஸ் ஓடாததை நினைத்து
நன்றியாகக்கூட இருக்கிறது.
ஓடியிருந்தால் தெரிந்துபோயிருக்கும்.

"அப்போ உங்களுக்குப் பெருசா ஒண்ணும் நடக்கல"
என்கிறார் டேனியல் சார்,
டிபன் பாக்ஸை வழித்தபடி.

ஆமா சார்.
ரசம் இருக்கு, ஊத்தட்டுமா?